இரண்டு நாற்காலி, ஒரு டிரம்

பவானிபூர், கல்கத்தா
20.1.1985

மனிதன் நிலாவில் இறங்கிய வருஷம் அது. மழைக்காலம். காலேஜ் தெருவில் டிராமைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். சுவரெல்லாம் சிவப்பு எழுத்து ஏறியிருந்தது. எழுத்து எனக்குத் தெரியாது, சிவப்பு தெரியும். துர்கா பூஜைக்கு வெளிவர வேண்டிய புதுப் பாட்டுகளின் பதிவு மும்முரமாக நடந்ததால் எங்களைப் போன்ற ஸ்டுடியோ வாத்தியக்காரர்களுக்குச் சாப்பிட நேரமில்லை. அப்போதுதான் நீ ஒரு நாள் தூக்குச் சட்டியில் எலுமிச்சைச் சாதம் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்தாய். சட்டியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாய். பச்சைச் சேலை, ஓரத்தில் மஞ்சள் கோடு.

அன்புள்ள தங்கை சௌந்தரத்துக்கு, அண்ணன் கலியன் சொல்வது. எழுதுவது கீழ் வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி. "லெட்டர்னா முதல்ல க்ஷேமம் விசாரிக்கணும் கலியன். நிலாவுலேர்ந்தா ஆரம்பிப்பா?" என்று மாமி கோபிக்கிறாள். நலமாக இருக்கிறாயா?

ரயில்வே கார்டு சிவலிங்கத்தை ஹௌராவில் பார்த்தேன். உன் பெண் நீலாவதிக்கு வைகாசியில் கல்யாணம் என்று சொன்னான். சந்தோஷத்தில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்து முடித்த பிறகுதான் மற்றதைச் சொன்னான். மேடையில் தாய்மாமனாக நின்று பெண் நெற்றியில் பட்டம் கட்டப் போவது நம் பெரியப்பா மகன் பன்னீர்செல்வமாம். முதலிலேயே சொல்லியிருந்தால் டீ வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேன்.

பன்னீர்செல்வம் நல்லவன்தான். ஆனால் நீலாவதிக்குக் காது குத்தியது அவன் மடியிலா? என் மடியில். அவள் என் கையைக் கடித்தாள். கூடப் பிறந்த அண்ணன் கல்லுப் போல இருக்கும்போது ஒன்றுவிட்ட அண்ணன் பட்டம் கட்டினால் சபையில் என்ன நினைப்பார்கள்?

நம் வீட்டு மாப்பிள்ளை இராஜமாணிக்கம் கண்ணை மூடிய கையோடு நீ குழந்தையைக் கூட்டிக்கொண்டு கரக்பூர் போனாய். அது ஊரெல்லாம் வெள்ளத்தில் மிதந்த வருஷம். அதற்குப் பிறகு நமக்குள் பேச்சில்லை. ஹௌராவில் காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு உன் வீட்டில் இருக்கலாம். ஆனாலும் நீ வா என்று சொல்லாமல் எனக்குக் கால் வரவில்லை. என்ன கோபம் என்று வாயைத் திறந்து சொல். பதில் சொல்கிறேன். பட்டத்தை நான்தான் கட்ட வேண்டும்.

அண்ணன்
கலியன்


கரக்பூர்
3.2.1985

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. மாமியின் கையெழுத்து அழகாக இருக்கிறது.

என்ன கோபம் என்று கேட்டிருக்கிறீர்கள். சேலை நிறம் வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிற உங்களுக்குக் காரணம் தெரியாதா? சரி, எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் இந்த ஊர் ரயில்வே இன்ஸ்டிட்யூட் பேண்டில் முறையாகப் படித்து டிரம் வாசிக்கக் கற்றவர். பேண்ட் மாஸ்டர் துரை தன் கையால் ஸ்டிக் கொடுத்து ஆசீர்வாதம் பண்ணினார். நீங்கள் அந்த ஹாலில் நாற்காலி அடுக்கிக்கொண்டே கேட்டுக் கற்றவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்தது அது. உங்களுக்கு முன்னாலேயே ஸ்டுடியோவில் டிரம் நாற்காலி அவருடையது. அன்றைக்கு நான் சட்டியோடு வந்து பார்த்தபோது அந்த நாற்காலியில் யார் இருந்தது? நீங்கள். அவர் எங்கே இருந்தார்? உங்கள் பக்கத்தில், குழந்தைக்குக் கிலுகிலுப்பை காட்டுகிற மாதிரி இரண்டு கையிலும் இரண்டு காய்ந்த சுரைக் குடுவையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். நீலாவதியைப் பள்ளிக்கூடத்தில், "உங்க பாபா என்ன வாசிக்கிறாரு?" என்று கேட்டார்கள். இவள் வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள். நான் என்ன சொல்லட்டும்?

தங்கை புருஷனை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தவர், தங்கை பெண்ணுக்குப் பட்டம் கட்ட வேண்டாம். பன்னீர்செல்வம் அண்ணனுக்குச் சொல்லியாகிவிட்டது.

சௌந்தரம்


பவானிபூர்
15.2.1985

அன்புள்ள தங்கைக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். மாமி படிக்கும்போது வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்தேன்.

ஒரு விஷயத்தைச் சொல்லாதே என்று இராஜமாணிக்கம் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அவன் போய்விட்டான். கல்யாணமும் வந்துவிட்டது. அதனால் சொல்கிறேன். மேலே இருந்து திட்டினால் திட்டட்டும்.

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. சிவப்பு விளக்கு எரிந்தால் பாடுகிறவர், வயலின், புல்லாங்குழல், டிரம் எல்லாம் ஒரே மூச்சில் பாட்டை முடிக்க வேண்டும். ஒருவன் தவறினால் எல்லாருக்கும் முதலிலிருந்து. ஆனால் தவறினவனை யாரும் போ என்று சொல்ல மாட்டார்கள். திரும்பத் திரும்பத் தவறினால் அவனே எழுந்து, "டீ குடிச்சுட்டு வரேன்" என்பான். அவன் டீ குடித்துவிட்டு வரும்போது அவன் இடத்தில் வேறு ஒருவன் இருப்பான். அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அடுத்த பாட்டுக்கு அவனைக் கூப்பிடவும் மாட்டார்கள்.

நீ வந்த அந்த நாள் காலை. டிரம்மில் இராஜமாணிக்கம். குடுவையை ஆட்டிக்கொண்டிருந்தது நான். ஆமாம், அந்தக் கிலுகிலுப்பை முதலில் என் கையில்தான் இருந்தது. பாட்டு புல்லாங்குழலில் மெல்லமாகத் தொடங்கும். குழல் நின்றதும் டிரம் விழ வேண்டும். இவன் குழல் நிற்பதற்கு முன்னால் அடித்தான். மறுபடியும் முன்னால். அடுத்து, நின்று வெகு நேரம் கழித்து. பாட வந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவன் ஸ்டிக்கைக் கீழே வைத்தான். "மச்சான், டீ குடிச்சுட்டு வரேன்" என்றான்.

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். "என்னடா ஆச்சு?" என்றேன். அவன் என் வாயையே பார்த்தான். "குழல் கேட்கலை மச்சான். ஒரு மாசமாவே கேட்கலை. சிம்பல் தட்டு இருக்கிற பக்கத்துக் காது போயிடுச்சு. இந்தக் காதும் போயிட்டிருக்கு. சௌந்தரத்துக்குத் தெரியக் கூடாது" என்றான்.

"டீயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இந்தக் குடுவையைப் பிடி" என்று இடம் மாறி உட்கார்ந்தேன். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டின்போது நீ சட்டியோடு வந்தாய்.

நான் அவனை இறக்கவில்லை, சௌந்தரம். டீக்கடைக்குப் போக விடவில்லை. அவ்வளவுதான்.

அண்ணன்
கலியன்


கரக்பூர்
24.2.1985

அண்ணனுக்கு,

அவருக்குக் காது கேட்காது என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்?

கூடக் குடும்பம் நடத்தினவளுக்குத் தெரியாதா? வலது பக்கமாகவே நின்று பேசினேன். அதுவும் போன பிறகு முகத்துக்கு நேரே வந்து பேசினேன். தெருவில் பின்னால் ரிக்ஷா மணி கேட்டால் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பேன், "கொசு உட்கார்ந்திருந்தது" என்பேன். "கல்கத்தாக் கொசு உன்னைவிடப் பலசாலிடி" என்று சிரிப்பார். எனக்குத் தெரியக் கூடாது என்று அவர் நினைத்தார். அவர் நினைப்பைக் கெடுக்கக் கூடாது என்று நான் இருந்தேன். நீலாவதியும் ஆறு வயசிலிருந்து அப்படித்தான் நடித்தாள்.

ஆகையால் உங்கள் கடிதத்தில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. நீங்கள் குடுவையை ஆட்டின செய்தி ஒன்றுதான் புதிது. அதற்கு மேல் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

காது போனது தெரிந்த அன்றைக்கே, "மாப்பிள்ளை, இது போதும், ஊருக்குப் போ" என்று ஏன் சொல்லவில்லை? இங்கே ஒர்க்ஷாப் ஸ்டோரில் அவருக்கு வேலை காத்துக்கொண்டிருந்தது. மாமனார் பழக்கத்தில் கிடைத்தது. ஸ்டோரில் காது எதற்கு, கண் இருந்தால் போதும். நான் கெஞ்சினேன். "கலியன் என்னை விடமாட்டான்" என்றார். ஒவ்வொரு தடவையும் அதே பதில். பரிதாபப்பட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டீர்கள். உங்களுக்குப் புண்ணியம். எனக்கு?

வெள்ளத்தின்போது என்ன நடந்தது? பவானிபூரில் இடுப்பளவு தண்ணீர். பாத்திரமெல்லாம் மிதக்கிறது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டாலிகஞ்சு ஸ்டுடியோவுக்குக் கிளம்பினார். நான் வாசலை மறித்து நின்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போனார். அந்தத் தண்ணீர்தான் காய்ச்சலாக வந்தது. காளி பூஜைக்கு அவர் இல்லை.

கிலுகிலுப்பை ஆட்ட ஒருத்தர் வரவில்லை என்றால் படம் நின்றுவிடுமா? அதற்காகவா என் வீட்டுக்காரர் செத்தார்? இதற்குப் பதில் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் எழுத வேண்டாம்.

சௌந்தரம்


பவானிபூர்
10.3.1985

அன்புள்ள சௌந்தரத்துக்கு,

உன் கடிதத்தை மாமி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். மறுபடி படிக்கச் சொன்னேன். பதில் இருக்கிறது. ஆனால் நீ எதிர்பார்க்கிற பதில் இல்லை.

நான் ஹோட்டல்களில் வாசித்து வளர்ந்தவன். சண்டைக் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆட வந்த ஹோட்டலில் ஆரம்பித்தேன். பிறகு பார்க் தெரு. நடுவில் சர்க்கஸ், யானைக்கும் வாசித்திருக்கிறேன். எல்லாமே காதால் கேட்டுக் கையால் அடித்தது. யானை பேப்பர் கேட்காது. ஸ்டுடியோ அப்படியில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு ஸ்டாண்டு இருக்கும், அதில் கோடு போட்ட தாளில் புள்ளி புள்ளியாக எழுதி வைத்திருப்பார்கள். எங்கே அடிக்க வேண்டும், எங்கே கையை நிறுத்த வேண்டும், எங்கே மறுபடி எடுக்க வேண்டும் என்பது எல்லாம் அதில் இருக்கும். ஒத்திகை பார்க்க நேரம் தர மாட்டார்கள். பூஜைப் பாட்டு என்றால் தெரிந்த வடிவம், ஒரு தடவை கேட்டுச் சமாளிக்கலாம். சினிமாவுக்குப் பின்னணி என்றால் முடியாது. திரையில் ஒருவன் மாடிப்படியிலிருந்து விழுவான். அவன் விழுகிற இடத்தில் டிரம்மும் விழ வேண்டும். அது தாளில் மட்டும்தான் இருக்கும்.

எனக்குத் தாள் படிக்கத் தெரியாது. உன் கடிதத்தையே இன்னொருத்தர் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் புள்ளிகளை நான் எங்கே போய்ப் படிப்பேன்?

இராஜமாணிக்கத்துக்குத் தெரியும். அதனால் அவன் என் இடப் பக்கம், நாற்காலியோடு நாற்காலி ஒட்டி உட்காருவான். அவன் வலது முழங்கால் என் இடது முழங்காலைத் தொட்டுக்கொண்டிருக்கும். டிரம் வாசிக்கிறவன் இடது காலால் ஜோடிச் சிம்பலை மிதித்துக்கொண்டே இருப்பான். அந்த மிதியில் தாளம் அவனுக்குப் போய்விடும். குடுவையை அதற்கு ஆட்டிக்கொண்டே கண்ணால் தாளைப் படித்துக்கொண்டு வருவான். நிறுத்த வேண்டிய இடம் வருவதற்கு முன்னால் முழங்காலால் ஒரு அழுத்து அழுத்துவான். திரும்ப எடுக்க ஒரு தட்டு. பெரிய அடி என்றால் தொடை முழுக்க வந்து இடிக்கும். மாடியிலிருந்து ஆள் விழும் படங்களில் எனக்குத் தொடை கன்றிப் போகும்.

கேட்கிறது நான், படிக்கிறது அவன். இப்படி இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் ஒரு டிரம்மர். ஸ்டுடியோக்களில் கலியன் கலியன் என்று கூப்பிட்டார்கள் இல்லையா, அந்தக் கலியன் நான் ஒருத்தன் இல்லை. என்னைப் பதிவுக்குக் கூப்பிட்டால், "நாங்க ரெண்டு பேர்" என்றுதான் சொல்வேன். தங்கை புருஷனுக்கு வேலை வாங்கித் தருகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். நீயும் அப்படித்தான் நினைத்தாய்.

நான் விடமாட்டேன் என்று அவன் உன்னிடம் சொன்னது நிஜம். ஊருக்குப் போகிறேன் என்று அவன் ஒரு தடவை சொன்னபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பரிதாபத்தில் இல்லை. அவன் போய்விட்டால் டீ குடிக்கப் போக வேண்டியவன் நான்.

வெள்ளத்தன்று நான் ஆள் அனுப்பவில்லை. தண்ணீர் ஏறுவதற்கு முன்பே டாலிகஞ்சு வந்து மாட்டிக்கொண்டேன். ஒரு முழுப் படத்துக்குப் பின்னணி. வாத்தியக்காரர்களில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். தாள்களைப் பரப்பி வைத்துவிட்டார்கள். என் முன்னால் ஸ்டாண்டு. அதைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்றேன், வாசல் பக்கம் போகலாமா என்று. அப்போது நெஞ்சு வரை நனைந்து வந்து நின்றான். சட்டையைப் பிழிந்துகொண்டே, "பேப்பர் எங்க?" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவன் வராமல் இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிலுகிலுப்பை ஆட்டச் செத்தான் என்று மட்டும் எழுதாதே. அன்றைக்கு டிரம்மரில் பாதி அங்கே இருந்தது. மீதிப் பாதி வந்து சேர்ந்தது.

அவனுக்குப் பிறகு என்ன செய்தாய் என்று நீ கேட்கவில்லை. சினிமாவிலிருந்து ஆள் வந்தால் தோள்வலி என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். ஜாத்ரா நாடக மேடையில், ரேடியோ விளம்பரத்தில், கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில், பேப்பர் இல்லாத இடத்தில் வாசிக்கிறேன். இன்றைக்கும் கை நன்றாகவே ஓடுகிறது. ஊரில் எல்லாரும் கலியனுக்குத் தோள் போய்விட்டது என்று நம்புகிறார்கள். மாமிக்கே இன்றைக்குத்தான் தெரியும். "அடப் பாவி, நான் தைலம் காய்ச்சிக் கொடுத்தேனே!" என்கிறாள்.

பட்டம் கட்டுகிற விஷயத்தில் இனி நான் கேட்க மாட்டேன். உன் இஷ்டம்.

அண்ணன்
கலியன்


கரக்பூர்
31.3.1985

அண்ணா,

உன் கடிதம் வந்து ரொம்ப நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

கடைசிக் காய்ச்சலில் அவர் சுவர் ஓரமாகப் படுத்திருந்தார். நினைவு தப்பிவிட்டது. ஆனால் வலது முழங்கால் மட்டும் சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது. ஒரு அழுத்து, கொஞ்சம் நிற்கும், ஒரு தட்டு. குளிர் நடுக்கம் என்று நினைத்து நான் இரண்டு கம்பளி போர்த்தினேன். அப்படியும் நிற்கவில்லை. முழங்காலை என் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். உன் கடிதம் படித்த பிறகு அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். நீ அவர் கையைப் பிடித்திருக்கக் கூடாது. ஸ்டோர் வேலைக்கு வந்திருந்தால் அவர் பெண்ணின் கல்யாணத்தை அவர் பார்த்திருப்பார். இதை நான் சாகிற வரைக்கும் சொல்லுவேன், நீ கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அவர் உனக்குப் பாரமாக இருந்தார் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று தெரிந்த பிறகு கொஞ்சம் தூக்கம் வருகிறது.

நீலாவதியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் கிடைத்தது என்று சொன்னாள். அப்புறம், "மாமாவைக் கடிச்ச இடத்துல தழும்பு இருக்கான்னு கேளும்மா" என்றாள்.

பன்னீர்செல்வம் அண்ணனுக்கு எழுதிவிட்டேன். "நல்லதாப் போச்சு சௌந்தரம், எனக்கு ஒரு நாள் லீவு மிச்சம்" என்று கார்டு போட்டிருக்கிறார். வைகாசி பிறந்ததும் முதல் வாரத்திலேயே வந்துவிடு. பட்டத்தையும் மாலையையும் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், கல்கத்தாவிலிருந்து வாடிய மாலையைத் தூக்கிக்கொண்டு வராதே.

இன்னொன்று. நம் பக்கத்துக்கு நீ இருக்கிறாய். பெண்ணுக்கு அப்பா பக்கம் என்று சபையில் உட்கார ஒருத்தர் வேண்டும். அவர் உறவில் யாரும் மிச்சம் இல்லை. அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தவர்கள் யார் இருக்கிறார்கள்? அவர்களுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும். பேரைச் சொல்லு.

சௌந்தரம்


பவானிபூர்
14.4.1985

அன்புள்ள சௌந்தரத்துக்கு,

வருஷப் பிறப்பு அன்று எழுதுகிறேன். மாமி பாயசம் கொடுத்தாள். தழும்பு இருக்கிறது என்று நீலாவதியிடம் சொல். காட்டுகிறேன்.

உன் கடிதத்தைக் கேட்ட பிறகு ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய் வந்தேன். சிலர் போய்விட்டார்கள் என்று முன்பே தெரியும். போனவர்களுக்கும் வீடு இருக்கிறது அல்லவா, அங்கே சொல்ல வேண்டும்.

புல்லாங்குழல் வாசித்த சுதீர் பாபு எமர்ஜென்சி முடிந்த வருஷமே மார்வலியில் போய்விட்டார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும், "ராஜா எப்படி இருக்கார்?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியதாயிற்று. அக்கார்டியன் வாசித்த பீட்டர் ஆஸ்திரேலியாவுக்கு மகனிடம் போய் அங்கேயே அடங்கிவிட்டான். எலியட் சாலையில் அவன் தங்கை சொன்னாள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சிவப்பு விளக்கு போடுகிற சாட்டர்ஜி, நிலத்தடி ரயிலுக்குத் தோண்டிய பள்ளத்தில் மழை நாளில் விழுந்து, எழுந்து நடமாடி, பிறகு படுத்து, போன பூஜைக்கு முன்னால் போய்விட்டார். டபுள் பேஸ் வாசித்த உயரமான தாமஸ், அலிப்பூர் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தான். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பாடிய அம்மாளும் இல்லை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் பாட்டு இருக்கிற ரிக்கார்டு உறை மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பேத்தியைக் கேட்டேன். பாட்டியின் பேர் இருக்கிறது என்றாள். வாசித்தவர்கள் பேர் போடுவதில்லை, அது வழக்கம்.

நேற்று டாக்குரியாவுக்குப் போனேன். ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் மூன்றாவது வீடு. கதவைத் திறந்தவர் குனிந்து என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். கண் மங்கிவிட்டது. "யாரு?" என்றார். "டிரம்மர்" என்றேன். "எந்தப் பாதி?" என்றார்.

 எங்களுக்கெல்லாம் தாள் எழுதிக் கொடுத்தவர் இவர்தான். உட்கார வைத்துச் சொன்னார்: "முதல் நாளே எனக்குத் தெரியும் கலியன். ராஜா தாளைப் பார்க்கிறான், நீ சுவரைப் பார்க்கிறாய். அதனால்தான் மறுநாளிலிருந்து டிரம் தாளை அவன் பக்கம் தள்ளி வைத்தேன். பெரிய புள்ளியாக எழுதினேன். நீங்கள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை." வெள்ளத்தன்று மட்டும் வேறு ஆள் தாளை வைத்ததால் அது என் முன்னால் வந்துவிட்டதாம். அதற்கும் வருத்தப்பட்டார்.

நீலாவதியின் கல்யாணம் என்றேன். அப்பா பக்கத்தில் உட்கார ஆளில்லை என்று நீ எழுதியதையும் சொன்னேன். "ராஜாவோட பொண்ணுக்கு நான் உட்காராம யாரு உட்காருவா?" என்று கோபித்துக்கொண்டார். வங்காள மொழியில் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன். ரயிலில் ஏற இறங்க நான் கை பிடித்துக்கொள்கிறேன். மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார், அதற்கு ஒரு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே அவர் ஒருவருக்கு மட்டும் பத்திரிகை எழுது. பேர் இதுதான், மாமி சரியாக எழுதட்டும்: பிஜன் கோஷால்.